மாமன் சீரும் மாதச் சம்பளமும்

கண்ணு,

நீ அப்பாவுக்கு எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அவர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு என் மடியில் போட்டு, "உம்பட மவன் என்னமோ லாப நஷ்டம் கேட்டிருக்கறான், நீயே பதில் எழுதிப்போடு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சென்னப்பட்டணத்து ஓட்டல் சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அதை முதல் வரியில் எழுதினால் என்ன குறைந்துபோய்விடும்? மோரில் சீரகத்தைத் தட்டிப் போட்டுக் குடி. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பெல்லாரிப் பக்கம் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு உனக்கு உத்தரவு வந்திருக்கிறது. சம்பளம் முப்பத்தைந்து ரூபாய். இங்கே கணபதியில் உன் மாமன் மலையிலிருந்து வருகிற பைகாரா மின்சாரத்தை நம்பிப் புதிதாக நூல் மில் கட்டுகிறார். மில் ஆபீஸைப் பார்த்துக்கொள்ள நீ வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சர்க்காருக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் போட வேண்டும். "ரெண்டில் எது லாபம்?" என்று நீ கேட்கிறாய். அப்பாவைக் கேட்டால் அம்மா ஏன் பதில் சொல்கிறாள் என்று நினைக்காதே. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனாலும் மாமனுடைய ஆலையில் உழைத்து வந்த சோற்றைத்தான் இந்த வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பொங்கிக்கொண்டிருக்கிறேன். சர்க்கார் சோறு எப்படி வேகிறது என்று உன் பெரியப்பா வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் பெரியப்பாவை எடுத்துக்கொள். தாலுகா கச்சேரியில் கடைசிக் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஹெட் குமாஸ்தாவாகப் பென்ஷன் வாங்கினவர். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் அவருக்குச் சம்பளம் வந்துவிடும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது. பெரியம்மா மளிகைக் கடைக்காரனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்து வருவாள். பண்டங்களின் விலையெல்லாம் அடியோடு விழுந்ததே, அந்த இரண்டு மூன்று வருஷம் சர்க்கார் அவர் சம்பளத்திலும் ஒரு பங்கை வெட்டியது. பெரியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதாள். ஆனால் அரிசியும் பருப்பும் துணியும் அதைவிட அதிகமாக இறங்கியிருந்ததால் அவர்கள் வீட்டில் உண்மையில் கொஞ்சம் மிஞ்சவே செய்தது. தோட்டமும் கிணறும் வைத்திருந்த நம் ஆட்கள்தான் கிஸ்தி கட்ட வழியில்லாமல் அவர் வீட்டு வாசலுக்குப் போனார்கள். சர்க்கார் ஆள் கைமாற்றுக் கொடுக்கக் கூடாது என்று சட்டமாம், அவர் கையை விரித்துவிடுவார். அவர் கச்சேரிக்குப் போனபிறகு பெரியம்மா கொடுத்தனுப்புவாள்.

அந்த வேலையில் என்ன குறை என்றால், மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். ஒரு ஊரில் எருமை வாங்கிக் கட்டி அது கன்று போடுவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும். எருமையைப் பாதி விலைக்கு விற்க வேண்டும். கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது. கலெக்டர் முகாம் போடும்போது குமாஸ்தாக்களின் கைக்காசும் சேர்ந்துதான் கரையும். ஈரோட்டில் இருந்தபோது மஞ்சள் விலை ஏறிக்கொண்டே போனது. பெரியம்மாவின் தம்பி, "அத்தான், ஒரு வண்டி மஞ்சள் வாங்கிப் போடுங்க, ரெண்டு மாசத்துல ரெட்டிப்பா எடுத்துப்போடலாம்" என்று தினமும் வந்து நச்சரித்தான். வியாபாரம் செய்யக் கூடாது என்பதும் சட்டம். அவர் மண்டிப் பக்கமே திரும்பவில்லை. தம்பிக்கு அந்த வருஷம் கொழுத்த லாபம். பெரியம்மா ஒரு வாரம் அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. அடுத்த வருஷம் அதே தம்பி எல்லாவற்றையும் மஞ்சளில் போட்டு, விலை சரிந்து, வீட்டை அடமானம் வைத்தான். அப்போது பெரியம்மா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது, உன்னிடம் வேறு யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். சர்க்கார் மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் முதலில் கேட்பது சம்பளத்தை இல்லை. "மேல்வரும்படி எப்படிங்க?" என்பார்கள், அதுவும் ஏதோ புண்ணியக் காரியம் மாதிரி. அந்தக் காசை உன் கணக்கில் சேர்க்காதே. பெரியப்பா அதைத் தொடவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வாழைத்தாரும் நெய்க்குடமும் அவர் வீட்டுக்கு வந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். கொண்டுவந்தவன் போனபிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேச மாட்டார்கள்.

பெரியப்பா போய்ச்சேர்ந்த பிறகு ஒருநாள் ஈரோட்டுக்கு ரயிலேறிப் போய் பெரியம்மாவைப் பார்த்தேன். மகள் வீட்டில் ஒரு மூலையில் இருந்தாள். "பென்சன் வருதுங்களா அக்கா?" என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். "பென்சன் அவியளோடயே போயிருச்சு அம்மணி. சர்க்காருக்கு அவியளத்தான் தெரியும், என்னையத் தெரியாது" என்றாள். அந்தப் பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. சர்க்கார் வேலைக்கு நீ போவதாக இருந்தால், நாளைக்கு உனக்கு வாய்க்கிறவள் பெயரில் மாதா மாதம் ஏதாவது சேர்த்துக்கொண்டு வா. உன் பென்ஷனை நம்பி அவளை விட்டுவிட்டுப் போகாதே.

இனி நம் வீட்டுக் கதை. எனக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். என் அண்ணன் அப்போதுதான் பருத்தி அரைத்துக் கொட்டை எடுக்கிற ஆலை வைத்திருந்தார். ஒருநாள் வண்டி கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். "மாப்ள, எல்லாம் வெளியாளுங்களா இருக்குது. நீங்க வந்து சித்தெ பாத்துக்கோணும்" என்றார். உன் அப்பா, "அதுக்கென்னங்க மச்சான், வாரேனுங்க. பாத்துச் செய்யுங்க" என்றார். "உங்களுக்கு இல்லாததா?" என்றார் அண்ணன். மூன்று பேரும் சிரித்தோம், நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். சம்பளப் பேச்சு அவ்வளவுதான். அதற்குப்பிறகு இன்றுவரை உன் அப்பாவுக்கு மாதம் என்ன சம்பளம் என்று அவருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. மச்சானிடம் கூலி பேசுவது மரியாதைக் குறைவு என்று எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். யாராவது வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

வீட்டில் ஏதாவது தீர்ந்துபோனால் உன் அப்பா ஆலையில் அண்ணனுடைய மேஜை ஓரத்தில் போய் நிற்பார். எதுவும் கேட்க மாட்டார், நிற்பார். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "என்ன மாப்ள?" என்பார். "ஒண்ணுமில்லீங்க மச்சான், ஊட்ல பருப்புத் தீந்துபோச்சாமா." உடனே அண்ணன் பெட்டியைத் திறந்து கொடுத்துவிடுவார். கேட்டதற்கு மேலேயே கொடுப்பார், அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். உன் பள்ளிக்கூடச் சம்பளம், காலேஜ் சம்பளம், ஹாஸ்டல் பணம் எல்லாம் அந்த மேஜை ஓரத்தில் நின்று வாங்கி வந்ததுதான். அப்பாவுக்கு விஷக்காய்ச்சல் வந்து மூன்று மாதம் படுத்திருந்தபோது டவுனில் இருந்து டாக்டரைக் கூட்டிவந்ததும், மூட்டை மூட்டையாக நெல் இறக்கியதும் அண்ணன்தான். சர்க்காரில் இருந்திருந்தால் அரைச் சம்பள லீவு கொடுத்திருப்பார்கள். அண்ணன் முழுசாகப் பார்த்துக்கொண்டார். ஆனால் விலை விழுந்த வருஷங்களில் ஆலை சும்மா கிடந்தது. அண்ணன் தம் நிலத்தையே அடகு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது மேஜை ஓரத்தில் போய் நிற்க உன் அப்பாவுக்கு மனசு வரவில்லை. நம் வீட்டில் இரண்டு வருஷம் ராகிக்களிதான். உனக்கு அது ஞாபகம் இருக்கும், நெல்லுச்சோறு கேட்டு அடம்பிடித்து என்னிடம் முதுகில் வாங்கியிருக்கிறாய்.

உன் அக்கா கல்யாணத்தைச் சொல்லாமல் இந்த விஷயம் உனக்கு விளங்காது. அப்போது நீ சின்னப் பையன், பந்தலில் ஓடிக்கொண்டிருந்திருப்பாய். அண்ணன் தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். முன்னால் மேளம், பின்னால் தட்டுத் தட்டாகப் பெண்கள், நடுவில் அட்டிகையும் வளையலும் கூறைச்சேலையும். நம் பக்கத்தில் அப்படி ஒரு சீரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "மாமன்னா இப்பிடியல்ல இருக்கோணும்!" என்று கூட்டமே சொன்னது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. திரும்பிப் பார்த்தால் உன் அப்பா பந்தக்காலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், ஆலை மேஜை ஓரத்தில் நிற்பதைப் போலவே. மறுநாள் பந்தல் பிரிக்கும்போது மெதுவாகக் கேட்டேன்: "ஏனுங்க, நேத்து வந்தது சீரா, இல்ல உங்க சம்பளமா?" அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "ரெண்டுந்தான்னு வெச்சுக்கோ புள்ள" என்றார். அந்த அட்டிகையில் அவர் உழைப்பு எவ்வளவு, அண்ணன் பாசம் எவ்வளவு என்று இன்றைக்கும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஊரைப் பொறுத்தவரை எல்லாமே அண்ணன் கொடுத்தது. உன் பி.ஏ. படிப்பும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. "படிக்க வெச்சவன் கூப்படறேன், வரமாட்டானா?" என்றுதான் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்.

உன் கடிதத்தைப் படித்ததும் இதெல்லாம் திரும்ப ஒருமுறை நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ வருவாய், மாமனைக் கும்பிடுவாய், அவர் "உனக்கில்லாததா" என்பார், நீ சிரிப்பாய். அப்புறம் உனக்கும் ஒரு மேஜை ஓரம். அதை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் வந்தது. புதன்கிழமை காலையில் அப்பா ஆலைக்குப் போனதும் வண்டி பிடித்துக்கொண்டு சரவணம்பட்டிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வெள்ளனவே மில் கட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். உன் அத்தை பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ணா, பையனுக்கு மில்லுல என்ன சம்பளம் குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

அத்தை கையில் கரண்டி அப்படியே நின்றது. அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன அம்மணி இப்பிடிக் கேட்டுப்போட்டே? அவன் எம்பட பையனாட்ட இல்லியா?"

"உங்க பையனாட்டந்தானுங்ணா. அதனாலதான் கேக்கோணுமாட்ட இருக்குது. வெளியாளா இருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க."

"யாரு சொல்லிக்குடுத்தா? மாப்ளயா?"

"அவியளுக்கு நான் வந்ததே தெரியாதுங்ணா. செரி, உங்க கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு குடுக்கறீங்க?"

"அவனுக்கு இருவத்தஞ்சு" என்றார், கேட்ட வாய் மூடுவதற்குள்.

"எங்கூட்டுக்காரருக்கு?"

அண்ணன் மோருக்குக்கூடக் காத்திருக்காமல் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அத்தை, "ஏனம்மணி, சோத்துல கைய வெச்சிருக்கறப்பவா கேப்பே?" என்று கடிந்துகொண்டாள். அவள் சொன்னது நியாயம்தான். கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை, சாப்பிட விட்டுக் கேட்டிருக்கலாம். கூடப் பிறந்தவரின் வயிற்றைப் பட்டினி போட்டுவிட்டு வருகிறோமே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்து வண்டியில் ஏறினேன். வண்டிக்காரன் மாட்டைத் தட்டப் போகும்போது அண்ணன் மேல்துண்டைக்கூடப் போடாமல் வெளியே வந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முப்பது. மில்லு ஓடி நாலு காசு வந்தா ஏத்தித் தாரேன். சீரு வேற அம்மணி. அது எம்பட கடமை, அதெக் கொண்டாந்து இதுல கலக்காத."

பார்த்தாயா, சர்க்கார் கொடுப்பதைவிட ஐந்து ரூபாய் குறைச்சல். இருந்தாலும் வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசு லேசாக இருந்தது. மாமனுக்குப் பெண் இல்லாததும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் உன்னை மருமகனாக்கிக்கொண்டு இந்த முப்பதையும் சொல்லாமல் விட்டிருப்பார்.

சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "எம்பட மானத்தையே வாங்கிப்போட்டயே! நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு மச்சானுக்கு முன்னால நிப்பேன்?" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

இனி உன் கேள்விக்குப் பதில். முப்பத்தைந்தும் பென்ஷனும் ஊர் ஊராகப் போவதும் ஒரு பக்கம். முப்பதும் வீட்டுச் சாப்பாடும் சொந்தக்காரர் தயவும் இன்னொரு பக்கம். சர்க்கார் மூழ்காது. மில் மூழ்கலாம், நன்றாக ஓடினால் நீ பெரியப்பாவைவிடப் பத்து மடங்கு பெரிய ஆளாகவும் ஆகலாம். எது வேண்டும் என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். மில்லுக்கு வருவதாக இருந்தால் வேலையில் உட்காருவதற்கு முன்னால் மாமனிடம் நீயே பேசு. எத்தனை வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றம், மில் நின்றுபோனால் என்ன செய்வார் என்று கேள். நம் சொந்தக்காரர் எல்லோர் தலையிலும் இப்போது மில் பங்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார். சம்பளத்துக்குப் பதிலாகப் பங்கு எடுத்துக்கொள் என்றால், பங்கு பிறகு ஆகட்டும் மாமா, சம்பளத்தைக் கையில் கொடுங்கள் என்று சொல். மாதம் பிறந்தால் உட்கார்ந்து வாங்கு. பிறகு அவர் சிரமப்படுகிற நாளில் அந்தப் பணத்தை அப்படியே அவரிடம் திருப்பிக் கொடு, நான் சந்தோஷப்படுவேன். அப்போது கொடுப்பவன் நீ என்று அவருக்கும் தெரியும். பெல்லாரிக்குப் போவதாக இருந்தாலும் ஒரு கடிதத்தில் எழுதிவிட்டு ஓடாதே. வந்து மாமனைப் பார்த்து, உங்கள் புண்ணியத்தில் படித்தேன், அப்பா உழைப்பிலும் படித்தேன் என்று இரண்டையும் சொல்லிவிட்டுப் போ.

எனக்கு என்ன ஆசை என்று நீ கேட்கவில்லை. நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. ரொம்ப ஆசை. உன் அக்காவும் தூரத்தில் போய்விட்டாள். இதைச் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு நீயே தெரிந்துகொள்வாய் என்று நின்றால், நானும் மேஜை ஓரத்தில் நிற்கிறவளாகிவிடுவேன். அதனால் சொல்லிவிட்டேன். ஆனால் அதற்காக மட்டும் வராதே, வந்தபிறகு என் மேல் வருத்தப்படுவாய்.

இன்று காலையில் உன் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "மச்சான் எவ்வளவுன்னு சொன்னாரு?" என்று கேட்டார்.

"முப்பது" என்றேன்.

"கேட்ட ஒடனே சொன்னாரா?"

"கைகழுவிட்டு உள்ள போயிட்டாரு. பொறவு அவரே வண்டிகிட்ட வந்து சொன்னாரு."

துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "அப்ப, கேட்டா சொல்லியிருப்பாராட்ட இருக்குது" என்றார். கோபம் எதுவும் இல்லை அந்தக் குரலில். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே வந்து அழுதேன்.

இதை எழுதி முடிக்கும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. ஆலைச் சங்கு ஊதி நேரமாயிற்று, அவர் இன்னும் வரவில்லை. தீர்ந்துபோனது என்று நான் இன்றைக்கு எதையும் சொல்லி அனுப்பவில்லை. அண்ணன் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டு, வெளியூர் வியாபாரிகள் உட்காருவதற்கு. உன் அப்பா இத்தனை வருஷத்தில் அதில் உட்கார்ந்ததில்லை. இப்போது உட்கார்ந்திருக்கிறாரோ என்னவோ. அவர் வந்ததும் கேட்டு எழுதுகிறேன் என்றால் தபால் தவறிவிடும், பக்கத்து வீட்டுப் பையன் டவுனுக்குக் கிளம்பி நிற்கிறான். சோறு சூடாக இருக்கட்டும் என்று அடுப்பிலேயே வைத்திருக்கிறேன்.

உன் பதிலை அப்பா பெயருக்கே எழுது.

அம்மா